ஒரு சகோதரியின் என்புமச்சையும் ரொபர்ட் குட் என்னும் மருத்துவரும்

கண்டியிலிருந்து பேராதனை வீதியால் நாள்தோறும் பயணம் செய்வோர், சிறிமாவோ பண்டாரநாயக்க விசேட சிறுவர் வைத்தியசாலையை நாடி வரும் தாய்மாரைக் காணத் தவறுவதில்லை. கலஹா, புசல்லாவை, ஹந்தானைத் தோட்டங்களிலிருந்து முதல் பஸ்ஸில் புறப்பட்டவர்களும், அக்குறணை, மடவளை, கம்பளை ஆகிய ஊர்களிலிருந்து வந்தவர்களும் அங்கே ஒரே வாங்கில் அமர்ந்திருப்பர். அவர்களது மடியிலுள்ள நோய்களிற் பெரும்பாலானவை மருந்தில் தீர்பவை. எனினும், எங்கோ ஒரு குடும்பத்தில் மட்டும் வேறொரு துயரம் தலைமுறை தலைமுறையாகத் தொடர்ந்து வருகின்றது. பிறக்கும்போது கொழுகொழுவென்றிருந்த குழந்தைக்கு மூன்றாம் மாதத்தில் வாய்ப்புண் தோன்றும். அதன்பின் வயிற்றோட்டம், நெஞ்சுச் சளி. ஓராண்டு நிறைவதற்கு முன் மரணம். அடுத்த குழந்தைக்கும் அதே கதி. நமது பாட்டிமார் இதனைக் கண்ணூறு என்றனர், நாவூறு என்றனர், செய்வினை என்றனர். இவை எவையும் பொருந்தாதவிடத்துத் தாயின் ராசி என்றனர்.

அத்தகைய ஒரு குடும்பத்தின் கதையை முதன்முதலில் வேறு விதமாக முடித்து வைத்தவர் அமெரிக்க மருத்துவர் ரொபர்ட் அலன் குட். 2003 ஆம் ஆண்டு ஜூன் 13 ஆம் திகதி அவர் காலமானார். இருபது ஆண்டுகளுக்கு மேல் கடந்துவிட்ட நிலையிலும் தமிழில் அவரைப் பற்றி எழுதப்பட்டது மிகச் சொற்பமே. குழந்தைகளுக்கு மூலக் கலங்களை மாற்றி வைக்கும் சிகிச்சையும், அதன்பின் அவர்களது உடலின் எதிர்ப்புச் சக்தி மீண்டும் முளைவிடும் விதமும் இன்று எமது நாட்டுப் பெற்றோரும் அறிந்திருக்க வேண்டிய விடயங்களாகிவிட்டன. ஆதலால், அம்மனிதரின் வாழ்வை இங்கே சற்று விரிவாக நோக்க விரும்புகின்றோம்.

அவர் 1922 மே 21 ஆம் திகதி மினசோட்டா மாநிலத்தின் குரோஸ்பி என்னும் சிற்றூரில் பிறந்தார். பெற்றோர் இருவரும் கல்வித்துறை சார்ந்தவர்கள். அவர் சிறு பையனாக இருக்கும்போதே தந்தையார் புற்றுநோயால் இறந்துபோக, நான்கு ஆண் பிள்ளைகளையும் வளர்த்து ஆளாக்கும் பொறுப்பு தாயின் தோளில் விழுந்தது. மருத்துவராக வேண்டும் என்ற எண்ணம் தந்தையின் மரணத்தோடேயே அவருள் வேரூன்றியதாகக் கூறப்படுகின்றது. மாணவப் பருவத்தில் இளம்பிள்ளைவாதத்தை ஒத்த ஒரு நோய் அவரது கால்களைத் தாக்கியது. சக்கர நாற்காலியிலிருந்து கல்வியைத் தொடர்ந்தார். காலப்போக்கில் எழுந்து நடந்தாராயினும், அந்த நடையில் ஒரு தாங்கல் இறுதிவரை இருந்தது. மினசோட்டாப் பல்கலைக்கழகத்தில் 1947 இல் மருத்துவப் பட்டத்தையும் கலாநிதிப் பட்டத்தையும் ஒருங்கே பெற்றார். விடியுமுன் எழுந்து வேலையைத் தொடங்கும் பழக்கமுடையவர் என்றும், உடன் பணியாற்றியோரை ஓயவிடாதவர் என்றும் அவரை அறிந்தோர் கூறுவர்.

அக்காலத்தில் நோய் எதிர்ப்புச் சக்தி, அதாவது எமது பாடநூல்கள் நிர்ப்பீடனம் என்று குறிப்பிடும் அந்த ஏற்பாடு, உடலின் எந்த உறுப்பில் உருவாகின்றது என்பதே தெளிவாகத் தெரிந்திருக்கவில்லை. தடுப்பூசி பலனளிக்கின்றது என்பது தெரியும். குருதியில் பிறபொருளெதிரி என்னும் புரதம் தோன்றுகின்றது என்பதும் தெரியும். அதனை உருவாக்கும் கலம் எது, அக்கலம் எங்கே பயிற்சி பெறுகின்றது என்ற கேள்விகள் விடையின்றிக் கிடந்தன. இவ்விடத்தில் குட் கையாண்ட வழி கவனிக்கத்தக்கது. ஆய்வுகூடத்து எலியிடமிருந்து நோயாளியை நோக்கி வருவதே வழக்கமாயிருக்க, அவர் நோயாளியிடமிருந்து எலியை நோக்கிச் சென்றார். இயற்கை ஒரு குழந்தையிடம் எதனைத் தராமல் விட்டதோ, அதனைக் கொண்டே அப்பொருளின் பயனை அறியலாம் என்பது அவரது நம்பிக்கை.

1952 இல் அமெரிக்க இராணுவ வைத்தியரான ஒக்டன் புரூட்டன், அடிக்கடி நிமோனியாவுக்குள்ளான எட்டு வயதுச் சிறுவன் ஒருவனின் குருதியில் காமா குளோபுலின் என்னும் புரதப் பகுதி அறவே இல்லை என்பதைக் கண்டறிந்தார். வேறொருவரிடமிருந்து பெற்ற அப்புரதத்தை மாதந்தோறும் ஊசியாக ஏற்றியபோது சிறுவன் தேறினான். இத்தகைய சிறுவர்களை ஆராய்ந்த குட், அவர்களிடம் பிளாஸ்மாக் கலங்கள் என்னும் ஒருவகைக் கலங்களே இல்லாதிருப்பதைக் காட்டினார். பிறபொருளெதிரியின் தொழிற்சாலை அதுவே என்பது இவ்வாறு வலுப்பெற்றது.

அதையடுத்து வந்தது அவரது வாழ்வின் திருப்புமுனை. 1950களின் முற்பகுதியில், நெஞ்செலும்பின் பின்னால் அமைந்த தைமஸ் சுரப்பியில் கட்டி ஒன்றுடன் முதிர்ந்த வயது நோயாளி ஒருவர் அவரிடம் வந்தார். அவருக்கும் காமா குளோபுலின் இல்லை. தொற்றுக்கு மேல் தொற்று. குழந்தைப் பருவத்தில் பெரிதாகவும் வயது ஏற ஏறச் சுருங்கியும் போகும் இந்தச் சுரப்பி எதற்காக உள்ளது என்பதை அன்று எவரும் அறியார். பயனற்ற எச்சம் என்றுகூடச் சிலர் எண்ணினர். குட் வளர்ந்த முயல்களின் தைமஸை வெட்டியெடுத்துப் பார்த்தார், எதுவும் நிகழவில்லை. ஒரு நல்ல கேள்வியை ஆய்வாளர் பலர் இத்தகைய இடத்திலேயே கைவிட்டுவிடுவர். அவரோ சில ஆண்டுகளின் பின், அன்று பிறந்த குட்டிகளில் அதே சோதனையைச் செய்தார். அக்குட்டிகள் தொற்றை எதிர்க்க வலுவற்றுப் போயின. அந்நியத் தோலை ஒட்டினாலும் விலக்கவில்லை. இதே காலப்பகுதியில், 1961 இல், இலண்டனில் ஜாக் மில்லர் என்னும் இளம் ஆய்வாளர் தனித்து நின்று இதே முடிவை முதலில் வெளியிட்டுவிட்டார் என்பதையும் நேர்மையாகச் சொல்லியாக வேண்டும். யார் முந்தியவர் என்ற தர்க்கம் நெடுங்காலம் நீடித்தது. வாசகருக்கு அது முக்கியமன்று. பிள்ளைப் பருவத்தில் தைமஸ் என்பது எதிர்ப்புச் சக்தியின் பள்ளிக்கூடம் என்ற உண்மை அன்று நிலைநாட்டப்பட்டது. இக்கட்டுரையின் பிற்பகுதிக்கு அது வேண்டப்படும்.

கோழிகளின் கதையையும் கூறாது விடலாகாது. புரூஸ் கிளிக் என்னும் மாணவர், கோழிக்குஞ்சின் பின்புறத்திலுள்ள பர்சா என்னும் சிறு பையை அகற்றினால் அது பிறபொருளெதிரியை உருவாக்குவதில்லை எனக் கண்டார். புகழ்பெற்ற விஞ்ஞான ஏடு அக்கட்டுரையை ஏற்கவில்லை. 1956 இல் அது கோழி வளர்ப்புக்கான ஓர் ஆய்விதழில் வெளிவந்தது. மருத்துவ உலகம் அதனைக் கண்டுகொள்ள ஆண்டுகள் சென்றன. குட்டின் கூடத்தில் பணியாற்றிய மக்ஸ் கூப்பர் அந்த இழையைப் பற்றிப் பிடித்து, 1965 இல் எதிர்ப்புச் சக்திக்கு இரு கைகள் உள்ளன எனக் காட்டினார். ஒன்று தைமஸில் பயிலும் ‘டி’ கலங்கள். வைரஸ், பூஞ்சணம் முதலியவற்றை எதிர்ப்பதும் அந்நியத் திசுவை விலக்குவதும் அவற்றின் பணி. மற்றையது பிறபொருளெதிரியை உருவாக்கும் ‘பி’ கலங்கள். மனிதரில் இவ்விரண்டுக்கும் மூலமாக அமைவன என்புமச்சையிலுள்ள மூலக் கலங்களே. புரூட்டனின் சிறுவனுக்கு ஒரு கை இல்லை. நாம் தொடக்கத்தில் குறிப்பிட்ட குழந்தைகளுக்கு இரு கைகளுமே இல்லை. மருத்துவர்கள் இதனைக் கடும் கூட்டு நிர்ப்பீடனக் குறைபாடு என்கின்றனர்.

இரு கைகளுக்கும் விதை என்புமச்சையில் உள்ளதாயின், வேறொருவரின் என்புமச்சையை அக்குழந்தைக்கு வழங்கினால் என்ன? இக்கேள்வி குட்டுக்கு முன்பே பலருக்கும் தோன்றியது, முயன்றும் பார்த்தனர். விளைவு விபரீதமாயிற்று. சாதாரண உறுப்பு மாற்றத்தில் நோயாளியின் உடல் புதிய உறுப்பை விலக்கும். இங்கோ நிலைமை தலைகீழானது. எதிர்க்க எவருமற்ற வீட்டினுள் புகுந்த அந்நியக் கலங்கள், வீட்டையே பகை எனக் கருதித் தோலையும் குடலையும் ஈரலையும் தாக்கின. சாதாரணமாகக் குருதி ஏற்றியதனாற்கூட இத்தகைய குழந்தைகள் இறந்திருக்கின்றனர். குருதி வகை பொருந்துவது மட்டும் போதாது. கலங்களின் மேற்பரப்பிலுள்ள எச்.எல்.ஏ. என்னும் அடையாளங்களும் பொருந்த வேண்டும் என்பது 1960களிலேயே தெளிவாகி வந்தது. உடன்பிறந்த இருவரிடையே இவை முற்றாகப் பொருந்துவதற்கான வாய்ப்பு நான்கில் ஒன்று.

1968 இல் கனெக்டிகட் மாநிலத்திலிருந்து ஐந்து மாதங்களும் நிறையாத ஆண் குழந்தையொன்று மினியாபொலிஸ் நகருக்குக் கொண்டுவரப்பட்டது. அக்குடும்பத்தில் தாய்வழியில் ஆண் குழந்தைகள் பலர் ஏற்கெனவே இதே நோயால் மடிந்திருந்தனர். நோயைச் சுமக்கும் மரபணு தாயிடமிருந்து மகனுக்குச் செல்லும் வகை அது. பெண் பிள்ளைகள் நோயின்றி வளர்வர். குழந்தையின் சகோதரிகளுள் ஒருத்தியின் அடையாளங்கள் பெருமளவு பொருந்தின. ஆகஸ்ட் மாதத்தில் அச்சிறுமியின் எலும்பிலிருந்து எடுக்கப்பட்ட மச்சை தம்பிக்கு வழங்கப்பட்டது. இன்று போல நாளத்தினூடாக அன்று ஏற்றவில்லை; வயிற்றறையினுள் செலுத்தினர். எதிர்பார்த்தவாறே புதிய கலங்கள் குழந்தையின் உடலைத் தாக்கின, பின்னர் தணிந்தன. ஆயினும், சில வாரங்களில் குழந்தையின் சொந்த மச்சை வற்றிப்போய்க் குருதிக் கலங்கள் குன்றின. அவ்வளவில் கைவிட்டிருப்பின் அக்குழந்தையும் பழைய பட்டியலில் சேர்ந்திருக்கும். குட்டும் அவரது குழுவினரும் அதே சகோதரியிடமிருந்து இரண்டாந் தடவையும் மச்சையைப் பெற்றனர். இம்முறை அது வேர் பிடித்தது. குழந்தையின் குருதி வகையே சகோதரியின் வகைக்கு மாறிற்று. அப்பையன் வளர்ந்து ஆளாகி நலமுடன் வாழ்ந்தான். ஒத்த இரட்டையரல்லாத இருவரிடையே செய்யப்பட்டு நிலைத்த முதலாவது என்புமச்சை மாற்றம் இதுவேயாகும். அதே ஆண்டில் விஸ்கொன்சினிலும் நெதர்லாந்தின் லெய்டனிலும் இத்தகைய வெற்றிகள் தொடர்ந்தன.

வெற்றி என்று எளிதாக எழுதிவிடுகின்றோம். மச்சை வேர் பிடித்த நாளிலிருந்துதான் பெற்றோரின் நீண்ட காத்திருப்புத் தொடங்குகின்றது என்பதை இங்கே விளக்கியாக வேண்டும். ஏனெனில், சிகிச்சை முடிந்தது என்றெண்ணிப் பிள்ளையைத் திருமண வீட்டுக்கோ பெருநாள் கூட்டத்துக்கோ தூக்கிச் செல்லும் குடும்பங்கள் உண்டு.

மாற்றிய மச்சையிலிருந்து முதலில் வெளிவருவன நுண்ணங்கிகளை நேரடியாக விழுங்கும் வெண்குருதிக் கலங்கள். இதற்கு இரண்டு முதல் நான்கு வாரங்கள் வரை செல்லும். அதுவரை பக்டீரியாவும் பூஞ்சணமும் பெரும் பகை. ஒரு மாதமளவில் இயற்கைக் கொல்லிக் கலங்கள் தலைகாட்டும். ‘டி’ கலங்களின் நிலை வேறு. கொடையாளியிடமிருந்து நேரே வந்த முதிர்ந்த கலங்கள் சில பெருகி முதற் சில மாதங்களைச் சமாளிக்கும். ஆனால் அவை பழைய பகைவரை மட்டுமே அறிந்தவை. புதிய பகைவரையும் இனங்காணும் படை, குழந்தையின் சொந்தத் தைமஸில் புதிதாய்ப் பயின்றே வர வேண்டும். அதற்கு ஆறு மாதங்கள் முதல் இரண்டு ஆண்டுகள் வரை ஆகலாம். பெரியவர்களைவிடச் சிறுவர்கள் விரைந்தும் நிறைவாகவும் மீள்வதற்குக் காரணம், அவர்களது தைமஸ் இன்னும் சுருங்காதிருப்பதே. முயற்குட்டிகளில் குட் தேடிய விடை இவ்வாறு, மாற்றுச் சிகிச்சை பெற்ற குழந்தையின் படுக்கையருகில் வந்து நிற்கின்றது. மச்சைக்கு இடமளிப்பதற்காக முன்கூட்டி வழங்கப்படும் கடும் மருந்துகளும், கலங்கள் உடலைத் தாக்கும் அந்த எதிர்வினையும், அதனை அடக்க வழங்கும் ஸ்டெரொயிட் மருந்துகளும் தைமஸைப் பாதித்து மீட்சியைத் தாமதப்படுத்துகின்றன என்பதும் இன்று தெளிவாகியுள்ளது.

‘பி’ கலங்கள் எண்ணிக்கையில் சில மாதங்களில் மீளலாம். அவை தரமான பிறபொருளெதிரியை உருவாக்க ஓராண்டோ இரண்டாண்டோ செல்லும். சில குழந்தைகளில் கொடையாளியின் ‘பி’ கலங்கள் வேரூன்றாமலே போய்விடுவதுண்டு. அத்தகையோர் ‘டி’ கலங்களைப் பெற்று உயிர் தப்பினாலும், இமியூனோகுளோபுலின் என்னும் பிறபொருளெதிரி மருந்தை ஆயுள் முழுவதும் ஏற்றிக்கொள்ள வேண்டியவராகின்றனர். முதல் நூறு நாட்களில் உடலில் உறங்கிக் கிடக்கும் வைரஸ்கள் விழித்தெழுவது இன்னோர் ஆபத்து. அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் 1971 இல் பிறந்து, கிருமியற்ற பிளாஸ்டிக் கூடாரத்தினுள் பன்னிரண்டு ஆண்டுகள் வாழ்ந்த சிறுவனை உலகமே அறியும். 1983 இல் அவனுக்குச் சகோதரியின் மச்சை வழங்கப்பட்டது. முழுமையாகப் பொருந்தாத மச்சை. அதனுள் மறைந்திருந்த வைரஸ் ஒன்று புற்றுக் கட்டிகளைத் தோற்றுவிக்க, 1984 பெப்ரவரியில் அவன் இறந்தான்.

பொருத்தமான உடன்பிறப்பு இல்லாத குழந்தைகள் என்ன செய்வது என்ற கேள்விக்கும் குட்டின் காலத்திலேயே ஒரு விடை கிடைத்தது. தாயோ தந்தையோ எப்போதும் பாதிப் பொருத்தமுடையவர்கள். அவர்களது மச்சையிலிருந்து தாக்கும் இயல்புடைய ‘டி’ கலங்களை மட்டும் நீக்கிவிட்டால் மூலக் கலங்களைத் தீங்கின்றி வழங்கலாம். இஸ்ரேலிய ஆய்வாளர் யாயிர் ரைஸ்னரும் நியூயோர்க்கில் குட், ரிச்சர்ட் ஓ’ரெய்லி ஆகியோரின் குழுவும் இணைந்து 1980களின் தொடக்கத்தில் இதனைச் செய்து காட்டினர். கலங்களைப் பிரித்தெடுக்க அவர்கள் பயன்படுத்தியவற்றுள் ஒன்று சோயா அவரையிலிருந்து பெறப்பட்ட ஒரு புரதமாகும். கொடையாளியின்றி மரணத்தை எதிர்நோக்கியிருந்த எத்தனையோ குழந்தைகளுக்கு இது கதவைத் திறந்தது.

இனி அவரது வாழ்வின் இருண்ட பக்கத்துக்கு வருவோம். 1970 இல் லஸ்கர் விருது கிடைத்தது. 1973 இல் நியூயோர்க்கின் ஸ்லோன் கெட்டரிங் புற்றுநோய் ஆய்வு நிறுவனத்தின் தலைமையை ஏற்றார். அவ்வாண்டு மார்ச்சில் டைம் சஞ்சிகை அவரது முகத்தை அட்டையில் தாங்கி வந்தது. நோய் எதிர்ப்பியல் புற்றுநோயை வெல்லும் என்ற நம்பிக்கை உச்சத்திலிருந்த காலம். பத்திரிகைகள் கேட்டன, அவர் பேசினார். அவருடன் மினசோட்டாவிலிருந்து வந்த வில்லியம் சமர்லின் என்னும் ஆய்வாளர், தோலைச் சில வாரங்கள் ஆய்வுகூடத் திரவத்தில் வளர்த்து ஒட்டினால் உடல் அதனை விலக்காது என்று கூறி வந்தார். பிற கூடங்களில் எவராலும் அதனைத் திரும்பச் செய்ய முடியவில்லை. 1974 மார்ச்சில் ஒரு காலைப் பொழுது, குட்டைச் சந்திக்கச் செல்லும் வழியில் சமர்லின் வெள்ளை எலிகளின் தோலைக் கறுப்புப் பேனையால் தீட்டினார். எலிகளைத் திரும்பப் பெற்ற ஊழியர் மதுசாரத்தால் துடைத்தபோது கறுப்பு அழிந்தது.

விசாரணைக் குழு சமர்லினைக் குற்றவாளியாகக் கண்டது. குட் மோசடியில் பங்கேற்றார் என எவரும் கூறவில்லை. ஆயினும், உறுதிப்படாத முடிவுகளை உரிய மேற்பார்வையின்றி உலகறியச் செய்ய இடமளித்தார் என்ற பழி அவரைச் சேர்ந்தது. அப்பழி நியாயமானதே என்பது எமது கருத்து. ஒரே வேளையில் பெருந்தொகையான ஆய்வுகளுக்குப் பெயர் கொடுப்பவர் ஒவ்வொன்றையும் கண்ணால் காண்பது இயலாத காரியம். மாற்றுத் திசு விஞ்ஞானத்தின் தந்தை எனப்படும் பீட்டர் மெதவார், சமர்லின் காட்டிய முயல்களை நேரில் பார்த்து ஐயுற்றும் அவ்வேளை வாய் திறக்கவில்லை என்பதைப் பின்னர் தாமே வெட்கத்துடன் எழுதி வைத்தார். பெரியோர் நிறைந்த சபையில் அரசன் அம்மணமாய் நிற்கின்றான் என்று சொல்ல ஓர் ஊழியர் வேண்டியிருந்தார். மூலக் கலம் என்ற பெயரில் சர்வரோக நிவாரணம் விற்கும் விளம்பரங்கள் எமது கைத்தொலைபேசிகளிலும் வந்து குவியும் இந்நாட்களில், அந்த எலியை மறந்துவிட முடியவில்லை. மதியிறுக்கமுடைய பிள்ளைக்கும் நீரிழிவுடைய பிள்ளைக்கும் மூலக் கல ஊசி என்று கேட்டுக் காணியை ஈடு வைக்க முற்படும் பெற்றோர், முதலில் அரசாங்க வைத்தியசாலையின் குழந்தை வைத்திய நிபுணர் ஒருவரிடம் விசாரித்துக்கொள்வது நன்று.

1982 இல் நியூயோர்க்கை விட்டு ஒக்லஹோமாவுக்கும், 1985 இல் புளோரிடாவின் சென் பீற்றர்ஸ்பர்க் நகரிலுள்ள சிறுவர் வைத்தியசாலைக்கும் அவர் சென்றார். புகழின் உச்சியிலிருந்து இறங்கிய மனிதர், தாம் தொடங்கிய இடத்துக்கே, அதாவது நோயுற்ற குழந்தைகளின் கட்டிலருகே திரும்பினார் எனலாம். 1990 இல் என்புமச்சை மாற்றத்துக்கான நொபெல் பரிசு, இரத்தப் புற்றுநோயாளரில் அதனை வளர்த்தெடுத்த டொனல் தோமஸுக்குக் கிடைத்தது. குட்டின் பெயர் அதில் இடம்பெறவில்லை. 2019 இல் மில்லரும் கூப்பரும் ‘டி’, ‘பி’ கலங்களுக்காக லஸ்கர் விருதைப் பெற்றபோது அவர் உயிருடன் இல்லை. உணவுக்குழாயில் ஏற்பட்ட புற்றுநோயுடன் போராடியவாறே ஆய்வைத் தொடர்ந்து 81 ஆவது வயதில் அவர் மறைந்தார். தந்தையைக் கொண்டுபோன நோயே மகனையும் கொண்டுபோயிற்று.

இக்கதை எமது மலையகத்துக்கு எவ்வளவு தொலைவில் உள்ளது? அண்மையிலேயே உள்ளது. கனெக்டிகட் குடும்பத்தைப் போலத் தாய்வழியில் மட்டுமே இந்நோய் வருவதில்லை. தாயும் தந்தையும் ஒரே குறையுள்ள மரபணுவை அறியாமலே சுமந்திருந்தால் ஆண், பெண் இரு பாலாரிலும் தோன்றும் வகைகளும் உள்ளன. மாமன் மகளை மணப்பது தமிழர் வழக்கு. சாச்சா பிள்ளையையோ மாமி பிள்ளையையோ மணப்பது முஸ்லிம்களிடையேயும் உண்டு. எவரது வழக்கத்தையும் இழித்துரைப்பது எமது நோக்கமன்று. இரத்த உறவில் மணம் முடித்த பெரும்பாலானோரின் பிள்ளைகள் நலமாகவே உள்ளனர். ஒரு குழந்தையை இவ்வாறு இழந்த குடும்பம், அடுத்த குழந்தை பிறக்குமுன் வைத்தியரிடம் அதனை வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என்பதே நாம் வலியுறுத்துவது. ஏனெனில், எமது நாட்டில் பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் வைத்தியசாலையை விட்டு வெளியேறுமுன் காசநோய்க்கான பி.சீ.ஜீ. தடுப்பூசி வழங்கப்படுகின்றது. இது உயிருள்ள, வலுக்குறைத்த கிருமியால் ஆனது. ஆரோக்கியமான பிள்ளைக்கு அது காவல். எதிர்ப்புச் சக்தியின்றிப் பிறந்த பிள்ளைக்கோ அக்கிருமியே உடலெங்கும் பரவும் நோயாகிவிடும். முன்கூட்டிச் சொன்னால் ஊசியைத் தாமதித்துக் குருதியைப் பரிசோதிக்கலாம். கொழும்பிலுள்ள மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்தில் அதற்கான வசதி உண்டு. பிறந்து மூன்றரை மாதங்களுக்குள், தொற்று ஏற்படுமுன் மச்சை மாற்றப்பட்ட குழந்தைகளில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேற்பட்டோர் பிழைக்கின்றனர் என்பது அமெரிக்க அனுபவம். தாமதித்தால் அவ்விகிதம் வெகுவாகச் சரிகின்றது.

என்புமச்சை மாற்றம் எமது நாட்டில் இப்போதுதான் காலூன்றி வருகின்றது. 1986 இல் இதனைத் தொடங்கிய வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியும் சென்னை வைத்தியசாலைகளும் எமது பெற்றோருக்குப் புதியன அல்ல. கடலைக் கடந்து சிகிச்சை பெற்றுத் திரும்பிய பிள்ளையின் எஞ்சிய ஈராண்டு மீட்சி நடைபெறுவது இங்கேதான். இங்குள்ள மருந்தகங்களை நம்பித்தான். பேராதனை மருத்துவ பீடத்தின் பீடாதிபதியாக விளங்கி, 1971 இல் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனத்தை உருவாக்கிய பேராசிரியர் சேனக பிபிலே, ஏழைக்கும் தரமான மருந்து கிடைக்க வேண்டுமென்று வாதாடியவர். கண்டி திரித்துவக் கல்லூரியின் பழைய மாணவருமான அவரது ஊரிலிருந்து இதனை எழுதும்போது, 2023 இல் இந்நாட்டை உலுக்கிய தரமற்ற இமியூனோகுளோபுலின் விவகாரம் நினைவுக்கு வராமற் போகுமா? 2024 பெப்ரவரியில் முன்னாள் சுகாதார அமைச்சர் ஒருவரே கைதாகி, விடயம் நீதிமன்றத்தைச் சென்றடைந்தது. தீர்ப்பு நீதிமன்றத்துக்குரியது. ஆனால், ‘பி’ கலங்கள் இன்னும் விழிக்காத ஒரு குழந்தைக்கு அந்தச் சிறு குப்பியே கவசம் என்பதை, கேள்விப்பத்திரங்களில் ஒப்பமிடுவோர் அறிந்திருந்தனரா என்று கேட்க எமக்கு உரிமையுண்டு.

இன்னுமொன்று, சிறியதாயினும் ஊர்தோறும் உள்ள தாய்மாருக்கும் குடும்ப நல உத்தியோகத்தருக்கும் பயன்படக்கூடியது. மச்சை மாற்றம் பெற்ற பிள்ளையின் உடல், முன்பு பெற்ற தடுப்பூசிகளின் நினைவைப் பெரிதும் இழந்துவிடுகின்றது. ஆகையால், ஆறு முதல் பன்னிரண்டு மாதங்களின் பின், நிபுணரின் ஆலோசனைப்படி உயிரற்ற தடுப்பூசிகளை முதலாவதிலிருந்து மீண்டும் வழங்குவர். சின்னமுத்து முதலியவற்றுக்கான உயிருள்ள தடுப்பூசிகள் இரண்டு ஆண்டுகளின் பின்னரே, அதுவும் அடக்கும் மருந்துகள் நின்று, ‘டி’ கலங்கள் மீண்டமை பரிசோதனையில் தெரிந்த பின்னரே. அதுவரை அப்பிள்ளைக்குக் காவல், வீட்டிலுள்ள ஏனையோர் தத்தமது ஊசிகளைத் தவறாது பெற்றிருப்பதே. ஐந்து வயதுப் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு கிளினிக்குக்கு வரும் தாயொருத்தி, இரண்டு மாதக் குழந்தைக்குரிய ஊசியைக் கேட்டால், வரிசையில் நிற்போர் வியப்புடன் பார்க்கக்கூடும். அவள் கையிலிருக்கும் பதிவேட்டின் பக்கங்கள் இரண்டாந் தடவையாக நிரப்பப்படுகின்றன.